தீவுக்கு டிஷ் வாங்கலாமா? அந்த சுவிட்ச் யார் கையில்?

ஆரம்பாக்கம் ஜெராக்ஸ் கடை கேட்டது:

அம்மா வீடு இருக்கம் என்ற தீவில், என் கடை ஆரம்பாக்கத்தில். நடுவில் ஆந்திர எல்லையும் பழவேற்காடு ஏரியும். தீவு நெல்லூர் ஜில்லாவில் இருந்தது, 2022-ல் திருப்பதி ஜில்லாவுக்குப் போய்விட்டது. ஜில்லா மாறினாலும் வீட்டுக்குள் பேச்சு தமிழ்தான், மளிகை வாங்க வருவது ஆரம்பாக்கத்துக்குத்தான்.

அங்கே பெரிய தலைவலி டவர். அம்மா வீட்டு மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்கும் வேப்பங்கிளைக்கும் நடுவில் இரண்டடி இடம் இருக்கிறது. அங்கே போய் நின்றால்தான் பேச முடியும். போன மாதம் அம்மா அங்கே நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே காற்று கிளம்பி, "நான் அப்புறம்..." என்பதோடு லைன் போனது. மறுநாள் காலை படகு வந்த பிறகுதான் அம்மா நலம் என்று தெரிந்தது.

தம்பி இறால் பண்ணையில் வேலை பார்க்கிறான். ஸ்டார்லிங்க், அதாவது ஈலான் மஸ்க் கம்பெனியின் செயற்கைக்கோள் வழியாக இன்டர்நெட் தரும் டிஷ் ஒன்றைத் துபாயிலிருந்து ஒருவர் கொண்டுவந்து தருவாராம், மாடியில் வைத்தால் சினிமாவே பார்க்கலாமாம். அட்வான்ஸ் கேட்கிறான். வாங்கலாமா? சட்டச் சிக்கல் வருமா? இது முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வியைச் சொன்னால் தம்பி சிரிக்கிறான், "உனக்கு எதுக்குக்கா அமெரிக்கா கவலை" என்கிறான். இருந்தாலும் கேட்டுவிடுகிறேன்.

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடுவதற்கு முன்னால் கடலுக்குப் போகக் கூடாது என்று மீன்துறையிலிருந்து நோட்டீஸ் வரும். அதைக் குப்பங்களில் ஒட்ட என் கடையில்தான் காப்பி போடுவார்கள். மூலப் பிரதியே எங்கேயோ ஜெராக்ஸ் எடுத்தது, எழுத்து மங்கியிருக்கும், முத்திரை பாதிதான் விழுந்திருக்கும். ஆனால் கீழே பச்சை மையில் ஒரு கையெழுத்து நிச்சயம் உண்டு. மீன்காரர்கள் அதை வாங்கிப் பார்த்துத் திட்டுவார்கள், ஒரு நாள் பிழைப்பு போயிற்றே. திட்டினாலும் யாரைத் திட்டுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியும். நஷ்டஈடு கேட்டு மனு எழுதவும் என்னிடமேதான் வருவார்கள். மனுவின் தலைப்பில் "பெறுநர்" என்று ஒரு வரி உண்டல்லவா, அங்கே போட ஒரு பதவி இருக்கிறது, ஒரு ஊர் இருக்கிறது.

இப்போது அந்தப் பக்கம் பாருங்கள். 2022 பிப்ரவரி கடைசியில் ரஷ்யா உள்ளே நுழைந்தபோது உக்ரைன் அமைச்சர் ஒருவர் ட்விட்டரில் கேட்டார், சில மணி நேரத்தில் ஈலான் மஸ்க் அங்கே ஸ்டார்லிங்கைத் திறந்துவிட்டார். நல்ல காரியம், மறுக்கவில்லை. அதே வருடம் கிரிமியாவில் ரஷ்யக் கடற்படை நிற்கும் செவஸ்தபோல் துறைமுகம் வரைக்கும் திறந்துவிடுங்கள் என்று கேட்டார்கள், மாட்டேன் என்றார். திறந்திருந்தால் ஒரு பெரிய போர்ச் செயலுக்கு உடந்தையாகியிருப்போம் என்று 2023 செப்டம்பரில் அவரே காரணம் சொன்னார். காரணம் நியாயமாகவே இருக்கட்டும். ஆனால் ரஷ்யக் கப்பல்களை அடிப்பதா வேண்டாமா என்ற விஷயத்தில் கடைசி வார்த்தை ஒரு கம்பெனி முதலாளியுடையதாக இருந்திருக்கிறது. அவர் ஓட்டு வாங்கி வந்தவரில்லை, பட்டாளத்துக்காரரும் இல்லை. பச்சை மையும் கிடையாது.

இதே ஆள் 2024 தேர்தலில் டிரம்புக்காக 25 கோடி டாலருக்கு மேல் செலவழித்தார். 2025 ஜனவரியிலிருந்து மே வரை அரசாங்கச் செலவைக் குறைக்கும் வேலையை அவரிடமே கொடுத்து உள்ளே உட்கார வைத்தார்கள். அரசாங்கத்தோடு ஒப்பந்தம் போட்டவரும் அவர், அந்த அரசாங்கக் கணக்கைக் குடைந்தவர்களுக்குத் தலையும் அவர். நம் ஊரில் ஏலம் எடுத்தவனையே ஏலக் கமிட்டியில் உட்கார வைத்தால் என்ன பேச்சு பேசுவோம்!

என் அம்மா போனும் அந்த சுவிட்சில்தான் தொங்க வேண்டுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தடா டிஷ்காரன்:

அக்கா, முதல் கேள்விக்கு மட்டும் சொல்றேன். வாங்காதீங்க. லைசென்ஸ் இல்லாத சேட்டிலைட் கருவியை வீட்டில் வைத்திருந்தாலே கேஸ். அதுவும் ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் பக்கத்துத் தீவில்! சேட்டிலைட் போனோடு வெளிநாட்டுக்காரர்கள் ஏர்போர்ட்டில் மாட்டுவதைப் பேப்பரில் பார்த்திருப்பீங்க. தம்பி மாட்டினால் இறால் கம்பெனியும் கைவிட்டுவிடும்.

ஸ்டார்லிங்குக்கு டெலிகாம் லைசென்ஸ் 2025 ஜூனில்தான் கிடைத்தது, விண்வெளித் தொழிலுக்கு அனுமதி தரும் இன்ஸ்பேஸ் அமைப்பின் அனுமதி ஜூலையில். துபாயில் ஒருவர் பெயரில் ஓடும் கருவி அதில் சேராது. அட்வான்ஸ் கொடுத்திருந்தால் அதை மறந்துவிடுங்கள்.

ஒரு தமாஷ் கவனிச்சீங்களா? ஸ்பெக்ட்ரத்தை, அதான் சிக்னல் போகும் அலைவரிசையை, ஏலம் விடாமல் கொடுக்கக் கூடாது என்று 2024-ல் பெரிய போன் கம்பெனிகள் கத்தின. 2025 பிப்ரவரி 13-ல் வாஷிங்டனில் மோடியும் மஸ்கும் சந்தித்தார்கள். மார்ச் 11-ல் ஏர்டெல் ஸ்டார்லிங்கோடு ஒப்பந்தம், 12-ல் ஜியோ. ஒரே மாசம்! என்ன பேசினார்கள் என்று எனக்கென்ன தெரியும், நான் கேபிள் இழுக்கிறவன்.

சூலூர்பேட்டை ரிட்டயர்டு:

அம்மா, இரண்டாவது கேள்விதான் பெரிய கேள்வி. உன் தம்பி சிரிக்கட்டும், நீ கேட்டது சரி.

நான் ஷாரில், அதாவது ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் தளத்தில், முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவன். சுவிட்ச் அடுத்தவன் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதை அங்கேதான் பார்த்தேன். கடுங்குளிர் எரிபொருளில் ஓடும் கிரையோஜெனிக் ராக்கெட் இன்ஜினுக்கு 1991-ல் ரஷ்யாவோடு ஒப்பந்தம் போட்டோம். அடுத்த வருடமே அமெரிக்கா தடை விதித்தது. 1993-ல் ரஷ்யா, இன்ஜின் தருகிறேன், தொழில்நுட்பம் தர மாட்டேன் என்று பின்வாங்கியது. நாமே செய்து, 2010-ல் ஒன்று கடலில் விழுந்து, கடைசியில் 2014 ஜனவரி 5-ல்தான் நம் கிரையோ இன்ஜினோடு ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட் ஒழுங்காகப் போனது. அன்றைக்குக் கேன்டீனில் காப்பிக்கு யாரும் காசு கேட்கவில்லை.

ஆனால் இதில் ஒரு வித்தியாசம் உண்டு. எங்களை மறித்தது ஒரு அரசாங்கம். அரசாங்கத்தோடு பேசலாம், பேரம் போடலாம், நாலு வருடம் கழித்து ஆட்சியே மாறும். 2022 மார்ச்சில் ஒன்வெப் என்ற செயற்கைக்கோள் இன்டர்நெட் கம்பெனியின் கதையும் அப்படித்தான். ரஷ்யா நடத்தும் பைக்கனூர் ராக்கெட் தளத்தில் ராக்கெட் மேலேயே ஏற்றி வைத்த 36 செயற்கைக்கோள்களை ரஷ்யா விடவில்லை, பிரிட்டிஷ் அரசு அந்தக் கம்பெனியில் உள்ள தன் பங்கை விற்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. ஒன்வெப் நம்மிடம் வந்தது. அக்டோபரில், தீபாவளிக்கு முந்தின நாள் நள்ளிரவு 12.07-க்கு, இங்கிருந்து 36 போயிற்று. உங்கள் தீவு ஜன்னல்கூட அன்றைக்கு ஆடியிருக்கும். மறு வருடம் மார்ச்சில் இன்னொரு 36. ஒரு கதவு சாத்தினால் போய்த் தட்ட இன்னொரு கதவு இருந்தது.

ஸ்டார்லிங்க் விஷயத்தில் அந்த இன்னொரு கதவு எங்கே? 2025-ல் மேலே ஏழாயிரத்துக்கு மேல் அவர்களுடையது. பூமியைச் சுற்றி வேலை செய்துகொண்டிருக்கும் செயற்கைக்கோள்களில் பாதிக்கு மேல் ஒரே கம்பெனியுடையது. ஒன்வெப் சுமார் 650. ஏற்றிக்கொண்டு போகும் ராக்கெட்டும் அவருடையதேதான். நம் கதையையும் மறைக்க வேண்டாம். 2024 நவம்பரில் 4,700 கிலோ எடையுள்ள நம் ஜிசாட்-என்2 செயற்கைக்கோள், அவருடைய ஃபால்கன்-9 ராக்கெட்டில் ஏறித்தான் அமெரிக்காவிலிருந்து போனது. நம் பெரிய ராக்கெட் எல்.வி.எம்.-3 அந்த உயரப் பாதைக்குத் தூக்கும் எடை சுமார் 4,000 கிலோ. குறை சொல்ல எனக்கும் வாய் இல்லை.

2025 ஜூன் 5 அன்று நடந்ததைச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. டிரம்பும் மஸ்கும் எக்ஸ் தளத்திலும் ட்ரூத் சோஷியலிலும் சந்தைச் சண்டை போட்டார்கள். உன் ஒப்பந்தங்களை ரத்து செய்வேன் என்றார் டிரம்ப். அப்படியானால் என் டிராகன் விண்கலத்தையே நிறுத்திவிடுகிறேன் என்றார் மஸ்க். விண்வெளி நிலையத்துக்கு ஆள் ஏற்றிப் போக அமெரிக்காவிடம் ஓடிக்கொண்டிருந்தது அந்த ஒரு கலம்தான். போயிங்குடையது முந்தின வருடம் கோளாறாகி, சுனிதா வில்லியம்ஸே டிராகனில்தான் திரும்பி வந்தார். அந்த ஜூனில் நம் விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா அதே டிராகனில் ஏறக் காத்திருந்தார்! முகம் தெரியாத யாரோ எக்ஸில், கொஞ்சம் ஆறப்போடுங்கள் என்று எழுத, சரி நிறுத்தவில்லை என்று சில மணி நேரத்தில் பதில் வந்தது. ஜூன் 25-ல் சுக்லா நல்லபடியாகப் போனார்.

கௌண்ட்டவுனை நிறுத்த எங்களுக்கு எத்தனை பேர் வேண்டும் தெரியுமா? ஒவ்வொரு மேசையாகக் கேட்டு, ஒவ்வொருவர் சொன்னதும் பதிவாகி, அப்புறம்தான் நிற்கும். நின்ற பிறகு ஏன் நின்றது என்று ஒரு கமிட்டி உட்காரும். அங்கே கோபம் வந்தது, போனது, முடிந்தது.

பழவேற்காடு பாடுக்காரன்:

பெரியவர் சொன்ன ஏழாயிரம் கணக்கைப் படித்ததும் எனக்குப் பாடுதான் ஞாபகம் வந்தது. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: ஏரியில் நல்ல இறால் கிடைக்கும் இடத்துக்குப் பாடு என்று பெயர். இன்றைக்கு இந்தத் தலைக்கட்டு, நாளைக்கு அது என்று முறை வைத்துத்தான் வலை கட்டுவோம். எத்தனை படகு வைத்திருந்தாலும் முறை வராமல் கட்டினால் ஊர் விடாது. இந்த மஸ்கோ, முறையும் இல்லை, ஊர்க்கூட்டமும் இல்லை, ஏரி முழுக்க வலையைக் கட்டிவிட்டு மீன் வேண்டுமானால் என்னிடம் வாங்கு என்கிறார். முந்தி வந்தவனுக்கு இடம் என்றால் ஏரியில் ஒரே வருடம் தாங்காது.

பலமநேர் பட்டாளம்:

மணிப்பூரில் இரண்டு வருடம் இருந்தவன். பட்டாள விஷயமாக ஒன்று மட்டும்.

2024 டிசம்பரில் இம்பால் கிழக்கில் ஆயுதங்களோடு ஸ்டார்லிங்க் சின்னம் போட்ட கருவியும் ரிசீவரும் பிடிபட்டன. அதற்கு முன்னால் அந்தமான் பக்கம் ஆறாயிரம் கிலோ போதைப்பொருளோடு பிடிபட்ட மியான்மர் படகிலும் அந்தக் கருவி இருந்தது. மஸ்கின் பதில்: இந்தியாவின் மேல் எங்கள் செயற்கைக்கோள் பீம் (சிக்னல்) அணைத்துத்தான் வைக்கப்பட்டிருக்கிறது. சரி, அப்படியே இருக்கலாம். ஆனால் அணைந்திருக்கிறதா என்று நாம் பார்க்க வழி என்ன? அணைத்தவர் சொல்கிறார், நாம் கேட்டுக்கொள்கிறோம். காவலில் நிற்கிறவனுக்கு இது போதாது. எதிரே இருப்பவன் துப்பாக்கியில் குண்டு இல்லை என்று அவன் வாயால் சொன்னால் நான் தூங்கிவிடுவேனா?

2025 அக்டோபரில் மியான்மரில் மோசடிக் கும்பல்கள் இருக்கும் இடங்களுக்குப் பக்கத்தில் 2,500-க்கு மேற்பட்ட கருவிகளை முடக்கியதாகக் கம்பெனியே சொன்னது. நல்லது. அதாவது எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். முன்னாலேயே ஏன் முடக்கவில்லை என்று கேட்க எந்த நாட்டு அதிகாரியால் முடியும்?

நம் அரசு 2025 மே மாதம் போட்ட நிபந்தனைகள் எனக்குத் தேவலை என்று பட்டது. தகவல் இந்தியாவுக்குள் இருக்க வேண்டும், கருவி இருக்கும் இடம் தெரிய வேண்டும், நில எல்லையிலிருந்து 50 கிலோமீட்டர் தனிக் கண்காணிப்பு, கடலில் 200 கடல் மைல் வரை. ஆனால் இது எல்லாம் உள்ளே வரும் கருவிக்கு. சுவிட்ச் இருக்கும் அறைக்கு நம் சென்ட்ரியைப் போட முடியாது.

இன்னொன்று. 2025 ஜூலை 24-ல் உள்ளே ஏதோ சாஃப்ட்வேர் கோளாறால் உலகம் முழுக்க சுமார் இரண்டரை மணி நேரம் ஸ்டார்லிங்க் நின்றது. உக்ரைன் போர்முனையிலும் நின்றது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. முன்வரிசையில் இரண்டரை மணி நேரம் செட் பேசாவிட்டால் என்ன நடக்கும் என்று இருந்தவனுக்குத்தான் தெரியும்.

புத்தூர் காலேஜ்:

எல்லோரும் அரசாங்கம் என்றால் பச்சை மை, கமிட்டி என்று பேசுறீங்க. கொஞ்சம் நில்லுங்க. காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் நிறுத்திய 4ஜி, திரும்பி வந்தது 2021 பிப்ரவரியில். மணிப்பூரில் 2023 மே 3-ல் போன நெட் மாதக்கணக்கில் வரவில்லை. ஆணையை வெளியிட வேண்டும், காலவரம்பு இல்லாமல் நிறுத்தக் கூடாது என்று 2020 ஜனவரி 10-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியும் பல ஆணைகள் கண்ணில் படுவதே இல்லை. நாளைக்கு அரசாங்கம் டவரை அணைத்தால், அந்தத் துபாய் டிஷ்தான் ஆள் உயிரோடு இருக்கிறானா என்று சொல்லும். உக்ரைன்காரர்களைக் கேட்டுப் பாருங்க, முதல் வாரம் அவர்களைக் காப்பாற்றியது எது என்று.

சூலூர்பேட்டை ரிட்டயர்டு:

தம்பி சொல்வது உண்மை, எனக்குக் கோபம் வந்தாலும் உண்மை. ஆனால் அந்த வழக்கைப் போட முடிந்ததே, அதைப் பார். பெயர் போட்டு, எதிர்மனுதாரர் போட்டு, தீர்ப்பு வாங்கினார்கள். தீர்ப்பை மதிக்கவில்லை என்று நீ இன்றைக்குச் சத்தம் போடவும் முடிகிறது. செவஸ்தபோல் விஷயத்தை உக்ரைன் எந்தக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகும்? அமெரிக்க ராணுவமே விழித்துக்கொண்டு, 2023 ஜூனில்தான் உக்ரைனுக்கான ஸ்டார்லிங்க் சேவைக்குத் தன் பெயரில் ஒப்பந்தம் போட்டது. அதற்கு முன்னால் ஒரு வருடத்துக்கு மேல் போர் நடந்துவிட்டது.

ஜெராக்ஸ் கடை அம்மாவுக்கு ஒரு விஷயம். டவர் இல்லாத 24,680 ஊர்களுக்கு 4ஜி கொடுக்க மத்திய அரசு 2022 ஜூலையில் 26,316 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. பி.எஸ்.என்.எல். செய்கிறது. உங்கள் தீவு பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

ஆரம்பாக்கம் ஜெராக்ஸ் கடை:

எல்லோருக்கும் நன்றி. தம்பிக்கு இந்தப் பக்கத்தையே பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். கேஸ் வரும் என்ற இடத்தில் மட்டும் முகம் மாறியது, மற்றதையெல்லாம் புரட்டிவிட்டான். அட்வான்ஸ் மூவாயிரம் ஏற்கெனவே கொடுத்துவிட்டானாம், நேற்றுதான் சொன்னான். போனது போனதுதான்.

புத்தூர் தம்பி சொன்னதைப் பற்றி இரவெல்லாம் யோசித்தேன். எனக்குப் பதில் கிடைக்கவில்லை. நாளைக்கே முறையாக லைசென்ஸோடு கடையில் விற்றால், புயல் நேரத்தில் அம்மா குரல் கேட்க நானே வாங்குவேனோ என்னவோ. ஆனால் அது ஒன்றை மட்டும் நம்பித் தீவை விடுவதற்கு மனசு வரவில்லை.

அதனால் டவர் கேட்டு மனு கொடுப்பது என்று முடிவு. பெறுநர் திருப்பதி கலெக்டர், நகல் பி.எஸ்.என்.எல்.-க்கு. தீவில் அறுபது கையெழுத்தாவது வாங்கிவிடுவேன், அம்மாவே பாதி வாங்கிவிடுவாள். ஒரே ஒரு சிக்கல்: மனு தெலுங்கில் இருக்க வேண்டும். எனக்குத் தெலுங்கு பேச வரும், எழுத வராது. யாராவது எழுதிக் கொடுத்தால் பிரிண்டும் ஜெராக்ஸும் என் செலவு.

தடா டிஷ்காரன்:

விஷயத்தைத் தமிழில் அனுப்புங்க அக்கா, இன்றைக்கு ராத்திரியே எழுதித் தர்றேன். மொட்டைமாடி, தொட்டி, வேப்பங்கிளை எல்லாத்தையும் விடாமல் எழுதுங்க.